இரும்பு யார் பிடியில் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் வந்த கடிதங்களில் இந்த முறை இரும்புதான் அதிகம். ஆய்வுக்கூடமோ ஆஸ்பத்திரியோ டேனரியோ, வேதியியல் ஒன்றே என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

ஆவாரம்பூச் சாறு, செல்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தடுக்கிறதா என்று டீஆக்ஸிரைபோஸ் முறையில் பார்க்கிறேன் (அந்தச் சர்க்கரையை ராடிக்கல் உடைத்தால் குழாய் இளஞ்சிவப்பாகும்). இரும்பே சேர்க்காத குழாயும் இளஞ்சிவப்பாகிறது. சாறு ஒரு நாள் நிறத்தைக் குறைக்கிறது, இன்னொரு நாள் கூட்டுகிறது. எங்கே தவறு? – முதுகலை உயிர்வேதியியல் மாணவி, காட்பாடி

நீங்கள் சேர்க்காவிட்டாலும் குழாயில் இரும்பு இருக்கிறது. பாஸ்பேட் உப்பில், தண்ணீரில், கண்ணாடியில், எடை போடும் உலோகக் கரண்டியில் இருந்து அது வந்துவிடும். இந்த வினைக்கு மிகச் சிறிய அளவே போதும். கண்ணாடிப் பொருள்களைப் பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். கடைசி அலசலுக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் படவே கூடாது. பஃபரை (பி.எச்சை நிலையாக வைக்கும் கரைசலை), உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் 100 பிசின் வழியாக வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது சேர்க்கும் வரிசை. ஃபெரிக் குளோரைடையும் (ஃபெரிக் என்பது மூன்று நேர்மின் ஏற்றமுள்ள இரும்பு, ஃபெரஸ் இரண்டு ஏற்றமுள்ளது), இரும்பைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ.வையும் முதலில் தனியாகக் கலந்துகொண்டு, பிறகுதான் குழாயில் சேர்க்க வேண்டும். தனியாக விட்டால் பி.எச் 7.4-ல் ஃபெரிக் இரும்பு படிந்துவிடும். இறுதிச் செறிவாக டீஆக்ஸிரைபோஸ் 2.8 மில்லிமோலார், இரும்பு 20 முதல் 100 மைக்ரோமோலார், இ.டி.டி.ஏ. 100 மைக்ரோமோலார், ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லிமோலார் இருக்கட்டும். அஸ்கார்பேட் (வைட்டமின் சி) 100 மைக்ரோமோலார், அன்றே கரைத்தது, கடைசியில்தான் சேர வேண்டும். வினையைத் தொடங்கிவைப்பது அதுதான். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, நிறம் தரும் டி.பி.ஏ.வும் (தயோபார்பிட்யூரிக் அமிலம்) டி.சி.ஏ.வும் (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) சேர்த்து 20 நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறியபின் 532 நானோமீட்டரில் அளவெடுங்கள்.

சாற்றை எத்தனாலில் கரைத்தீர்களா? எத்தனாலே ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பிடித்துக்கொள்ளும். டிரிஸ், ஹெப்பெஸ் பஃபர்களும், டி.எம்.எஸ்.ஓ.வும் அப்படித்தான். சாறில்லாமல் அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த குழாய் கட்டாயம் வேண்டும். அது இல்லாத ஆய்வறிக்கைகளின் "தடுக்கும் சதவீதத்தை" நாங்கள் நம்புவதில்லை.

நிறம் கூடுவது பிழையல்ல, உண்மையான விடை. சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக்குகின்றன. ஃபெரஸ் பெராக்சைடை உடைத்து ராடிக்கலை உண்டாக்குகிறது. அஸ்கார்பேட்டை விட்டுவிட்டுச் சாறு மட்டும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் சிவந்தால், அஸ்கார்பேட்டின் வேலையை உங்கள் சாறு செய்கிறது என்று பொருள். பிறகு இ.டி.டி.ஏ. இல்லாமல் ஒரு தொகுதி ஓட்டுங்கள். இ.டி.டி.ஏ. இருக்கும்போது தடுக்காத சாறு, அது இல்லாதபோது தடுத்தால், ராடிக்கலை அல்ல, இரும்பையே பிடித்து வைக்கிறது. ஹாலிவெல், கட்டரிட்ஜ், அருவோமா மூவரும் 1987-ல் இந்த முறையை வெளியிட்டதன் அருமையே இந்த ஒப்பீட்டில் இருக்கிறது. பலரும் பாதியை மட்டும் செய்து முடித்துவிடுகிறார்கள்.

ஃப்ராப் (ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் சோதனை) அளவு அதிகமுள்ள மூலிகை, நோய்க்கும் அதிக நல்லதா? – கல்லூரி மாணவர், திருவண்ணாமலை

இல்லை. 1996-ல் பென்ஸியும் ஸ்ட்ரெய்னும் கொடுத்த இந்தச் சோதனை, பி.எச் 3.6-ல் ஒரு பொருள் ஃபெரிக்கை எவ்வளவு ஃபெரஸாக்குகிறது என்று மட்டுமே காட்டும். முந்தைய பதிலில் நிறத்தைக் கூட்டியதும் இதே செயல்தான். மனிதரிடம் பார்த்தபோது என்ன ஆனது என்பதற்குப் பின்லாந்து ஆய்வு சாட்சி: புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு நடந்த அதன் முடிவு 1994-ல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

எங்கள் மகனுக்குத் தலசீமியா (ரத்தம் சரியாக உருவாகாத பரம்பரை நோய்), வயது ஏழு, மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். சத்துக்கு நெல்லிக்காய் ஜூஸ் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். டாக்டரோ வைட்டமின் சி வேண்டாம் என்கிறார். ஏன்? – ஒரு தாய், ஆரணி

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் அம்மா. ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளில் வெளியேற்றுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதைக் கூட்டிக்கொள்ள உடலுக்கு வழியில்லை. சாதாரணமாக ரத்தத்தில் ஓடும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்திருக்கும், அதில் மூன்றில் இரு பங்கு இடம் காலியாகவே இருக்கும். உங்கள் மகனுக்கு அந்த இடம் நிரம்பிவிடுவதால், யார் பிடியிலும் இல்லாத இரும்பு இதயத்துக்கும் கல்லீரலுக்கும் போகிறது. வைட்டமின் சி, சேமிப்பில் கிடக்கும் இரும்பை வினைபுரியும் நிலையில் வெளியே இழுத்துவிடும். இரும்பு நீக்கும் மருந்து உடலில் இல்லாத நேரத்தில் அதிக அளவு கொடுத்தால் இதயம் பாதிக்கப்படலாம்.

இரும்பு நீக்கும் டெஸ்ஃபெரியோக்ஸமைன் மருந்தின் பம்ப் முறையாக ஓடும் குழந்தைகளுக்கு, பம்ப் தொடங்கிய பின், கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுப்பதுண்டு. 20 கிலோ பையனுக்கு 40 முதல் 60 மில்லிகிராம். இதை டாக்டர்தான் எழுத வேண்டும். சாப்பாட்டில் வரும் பழம் வேறு, தினமும் கிளாஸ் கிளாஸாக ஜூஸ் வேறு. கடை டானிக்குகளில் இரும்பும் வைட்டமின் சியும் சேர்ந்தே இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

இரும்பு நீக்க டெஃபெராசிராக்ஸ் மாத்திரை என்றால், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெஃபெரிப்ரோன் என்றால், காய்ச்சல் வந்த அன்றே மாத்திரையை நிறுத்தி வெள்ளை அணு எண்ணிக்கை பாருங்கள்; அந்த மருந்து சிலருக்கு அவற்றை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். வேலூர் சி.எம்.சி.யில் தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று 1986-ல் தொடங்கியது. அந்த வழியை யோசிப்பதாக இருந்தாலும், அதற்கு முன் இரும்பு ஒழுங்காக நீக்கப்பட்டதா என்பது பலனைத் தீர்மானிக்கும்.

கடுக்காய், வாட்டில் பட்டையில் பதனிட்ட தோலில் கருநீலப் புள்ளிகள் விழுகின்றன. பூஞ்சணமா? – டேனரி மேற்பார்வையாளர், பேரணாம்பட்டு

ஒரு சதவீத ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைப் பஞ்சில் நனைத்து, ஓரத்தில் ஒரு புள்ளியில் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் இரும்பு, அப்படியே நின்றால் பூஞ்சணம். இரும்பும் டானினும் சேர்ந்தால் கருக்கும், ஆக்ஸாலிக் அமிலம் டானினிடமிருந்து இரும்பைப் பறித்துக்கொள்ளும். வெளுத்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள், அமிலம் தங்கினால் தோல் நலிந்துவிடும். அது விஷம், கையுறை அவசியம். டிரம்மின் துருப்பிடித்த போல்ட், ஷேவிங் இயந்திரத் தூள், போர்வெல் தண்ணீர் மூன்றையும் சோதியுங்கள். ஷேவிங் தூள் என்றால் புள்ளி சிதறலாக இருக்கும், தண்ணீர் என்றால் தோல் முழுவதும் மங்கும்.

கழிவுநீரைச் சுத்தம் செய்ய, இரும்பும் பெராக்சைடும் சேர்க்கும் ஃபென்டன் முறை போடுகிறோம். பெராக்சைடு சேர்த்த பிறகு சி.ஓ.டி. (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) குறையாமல் கூடுகிறதே? – சுத்திகரிப்பு நிலைய ஊழியர், ராணிப்பேட்டை

மிஞ்சிய பெராக்சைடுதான் சி.ஓ.டி.யாகத் தெரிகிறது. ஒரு மில்லிகிராம் பெராக்சைடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் சி.ஓ.டி. காட்டும். சோதனைப் பட்டையில் பெராக்சைடு இல்லை என்று உறுதியான பிறகே மாதிரி எடுங்கள்.

கணக்கு இது: 1,000 லிட்டரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால் மொத்தம் 500 கிராம். அதற்கு 2.125 மடங்கு, அதாவது 1.06 கிலோ தூய பெராக்சைடு. கடையில் கிடைக்கும் 50 சதவீதக் கரைசலில் 2.1 கிலோ. பெராக்சைடின் எடையில் பத்தில் ஒரு பங்கு இரும்பு என்றால் 530 கிராம் ஃபெரஸ் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறுள்ள படிகம்). பி.எச்சை முதலில் 3-க்குக் கொண்டுவந்து, சல்பேட்டைக் கரைத்து, பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சூடேறி நுரைத்து, பெராக்சைடு வெறும் ஆக்சிஜனாகப் போய்விடும். பி.எச் 4-ஐத் தாண்டினால் இரும்பு படிந்து வினை நின்றுவிடும். முதலில் ஒரு லிட்டர் ஜாடிகளில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை: தண்ணீரில் குரோம் இருந்து, பெராக்சைடு மிஞ்சியிருக்கும்போதே சுண்ணாம்பு போட்டு பி.எச்சை ஏற்றினால், மூன்றிணைதிறக் குரோமியம் ஆறிணைதிறக் குரோமியமாக மாறும். அது நச்சு, புற்றுநோய் தரும். குரோமை முன்பே பிரித்து எடுத்துவிடுங்கள்.

கர்ப்பிணி நான். இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. – குடியாத்தம்

எதனுடன் சாப்பிடுகிறீர்கள்? டீயிலுள்ள டானின், பேரணாம்பட்டுத் தோலில் செய்ததையே குடலில் செய்து இரும்பைக் கட்டிவிடும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். உங்களுக்கு எலுமிச்சைச் சாறு நல்லது. ஆரணிக் குழந்தைக்கு ஆகாத வைட்டமின் சி உங்களுக்கு உதவும். மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். நான்கு வாரம் இப்படிச் செய்தும் ஏறாவிட்டால் பி12 குறைபாடு, தலசீமியா மைனர் (நோயின்றி அதன் மரபணுவைச் சுமக்கும் நிலை) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய எதைப் படிக்க வேண்டும்? – இளங்கலை மாணவர், வாணியம்பாடி

முதலில் அணைவு வேதியியல், அதாவது உலோகத்தை மற்ற மூலக்கூறுகள் எப்படிப் பிடிக்கின்றன என்ற பாடம். இரும்புக்கு வழக்கமாக ஆறு இணைப்பிடங்கள். டெஸ்ஃபெரியோக்ஸமைன் ஆறையும் மூடிவிடுவதால் வினை நிற்கிறது, இ.டி.டி.ஏ. பிடியில் தண்ணீருக்கு ஓர் இடம் மிஞ்சுவதால் வினை தொடர்கிறது. இது புரியாமல் உயிரியல் பக்கம் போனால் எண்கள் மட்டுமே மிஞ்சும். ஃபென்டன் 1894-ல் டார்டாரிக் அமிலத்தில் இந்த வினையை விவரித்தார். ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற விளக்கம் 1930-களில் ஹேபரும் வைஸும் தந்தது. 1969-ல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் ராடிக்கலை நீக்கும் நொதியான சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸைக் கண்டபின்தான் மருத்துவம் திரும்பிப் பார்த்தது. 1981-ல் கட்டரிட்ஜும் சக ஆய்வாளர்களும் புற்றுநோய் மருந்தான பிளியோமைசினைக் கொண்ட சோதனையைக் கொடுத்தார்கள்: அந்த மருந்து இரும்பு கிடைத்தால்தான் டி.என்.ஏ.வை வெட்டும், எனவே வெட்டின் அளவே கட்டற்ற இரும்பின் அளவு. எண்பத்தேழு ஆண்டுப் பழைய ஒரு வினையை நோயாளியின் ரத்தத்தில் அளக்க வழி செய்தது அது.

கல்லூரியிலேயே தொடங்க ஃபெரோஸின் என்ற நிறமூட்டி போதும். ஃபெரஸுடன் ஊதா நிறம், 562 நானோமீட்டர். உங்கள் ஆய்வுக்கூட பஃபரில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று, அஸ்கார்பேட் சேர்த்தும் சேர்க்காமலும், முதலில் அளந்து எழுதி வையுங்கள்.