லிவர்பூல் பின்வரிசை, ஜனவரி டிரான்ஸ்ஃபர்: டர்பன் ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

2025 டிசம்பர். இன்னும் சில நாளில் ஜனவரி விண்டோ, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம், திறந்துவிடும். தடுப்பாட்டம், ஒப்பந்தம், பதிவு விதி, இந்த மூன்றிலும் கேளுங்கள், சொல்கிறேன். யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யூடியூப் தொகுப்பைப் பார்த்து எந்த சென்டர் பேக்கையும் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) எடை போடவும் வேண்டாம். ஓடிப்போய்ச் சறுக்கிப் பந்தைத் தட்டியது மட்டும்தான் அதில் வரும். ஏன் அப்படி ஓட வேண்டி வந்தது என்பதை வெட்டிவிடுவார்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: அக்கா, கெஹியை ஏன் கோட்டை விட்டோம்? பணம் கம்மியா கொடுத்தோமா?

பணத்தில் தகராறே இல்லை. கிரிஸ்டல் பேலஸ் கேப்டன், சென்டர் பேக் கெஹியை செப்டம்பர் 1 அன்று 35 மில்லியன் பவுண்டுக்குப் பேசி முடித்தாகிவிட்டது, மருத்துவப் பரிசோதனையும் தொடங்கிவிட்டது. கிரிஸ்டல் பேலஸுக்கு அவர் இடத்தில் நிறுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிரைட்டனின் இகோர் ஜூலியோ வருவார் என்று இருந்தார்கள். அவர் கடைசி நேரத்தில் வெஸ்ட் ஹாம் பக்கம் போய்விட்டார். கேப்டனையும் விற்று மாற்று ஆளும் இல்லாமல் நிற்க பேலஸ் தயாராக இல்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

2025 டிசம்பர் நிலை: கெஹியின் ஒப்பந்தம் 2026 ஜூனில் முடிகிறது. கடைசி ஆறு மாதத்துக்குள் நுழைந்துவிட்டால், அதாவது ஜனவரி 1 முதல், வெளிநாட்டு கிளப்புகளோடு அவர் முன் ஒப்பந்தம் போடலாம். இங்கிலாந்து கிளப்புக்கு அந்தச் சலுகை இல்லை. ஜனவரியிலேயே வேண்டுமென்றால் பேலஸுக்குப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும், கோடை வரை பொறுத்தால் போட்டிக்கு ஐரோப்பா முழுவதும் நிற்கும்.

“ஜூன்ல ஃப்ரீயா வருவாரே” என்று உடனே பத்துப் பேர் எழுதுவீர்கள். ஃப்ரீ என்று ஒன்று கிடையாது. கிளப்புக்குப் போகாத பணம், கையெழுத்துப் பணமாகவும் கூடுதல் சம்பளமாகவும் ஏஜென்ட் கமிஷனாகவும் போகும்.

ஃபீனிக்ஸிலிருந்து: சென்டர் பேக் பஞ்சம்னு தெரிஞ்சும் க்வான்சாவை லெவர்குசனுக்கு வித்தது முட்டாள்தனம்தானே?

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வேறு படம் தெரியும்.

வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு இவ்வளவு செலவு என்று எழுதுவார்கள். நாம் வாங்கிய கெர்கெஸை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மில்லியன், ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 8. இரண்டு ஆண்டு கழித்து அவர் புத்தக மதிப்பு 24. அப்போது 30க்கு விற்றால் லாபம் 6 மட்டுமே. க்வான்சா போல நம் அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலையே இல்லை, ஆகவே விற்ற தொகை முழுவதும் லாபம். மூன்று ஆண்டில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்ற விதி இருக்கும்வரை, காசு தேவைப்படும் கிளப் முதலில் தன் வீட்டுப் பிள்ளையைத்தான் விற்கும். ஒப்பந்தத்தை எட்டு ஆண்டு இழுத்துச் செலவைக் குறைத்துக்காட்டும் தந்திரத்தையும் 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இப்போது எவ்வளவு நீள ஒப்பந்தம் போட்டாலும் ஐந்து ஆண்டுக்குத்தான் வகுக்க முடியும்.

விற்றது சரி என்கிறேன், அந்த இடத்தை நிரப்பாமல் விட்டதுதான் தப்பு.

லெனேசியாவிலிருந்து: மான்செஸ்டர் யுனைடெட்டின் மூன்று பேர் பின்வரிசை பற்றி…

கடை மாறி வந்துவிட்டீர்கள்.

வெருலத்திலிருந்து: லியோனிக்கு அடிபட்டதால 25 பேர் பட்டியல்ல ஒரு இடம் காலியாகுமா?

நல்ல கேள்வி, ஆகாது. 2025-26 பருவத்துக்கு 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பிரீமியர் லீக் பட்டியலில் இடமே பிடிப்பதில்லை. நம் இளம் சென்டர் பேக் லியோனி 2006இல் பிறந்தவர், பட்டியலுக்கு வெளியேயே ஆடலாம். செப்டம்பர் 23இல் சவுத்தாம்ப்டனோடு லீக் கோப்பையில் முதல் ஆட்டம், அதிலேயே முழங்கால் தசைநார் அறுந்தது, பருவம் முடிந்தது. அவர் போனதால் ஆள் குறைந்ததே தவிர இடம் கூடவில்லை.

25இல் அதிகபட்சம் 17 பேர்தான் வெளியே வளர்ந்தவர்களாக இருக்கலாம். 21 வயது ஆகும் பருவத்துக்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் மூன்று பருவம் பதிவில் இருந்தால் அவர் உள்ளூரில் வளர்ந்தவர், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. கெஹி, கோமெஸ் போன்றவர்களுக்கு விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெரிபேங்கிலிருந்து: ஒவ்வொரு நீள த்ரோ-இன்னுக்கும் நமக்கு உதறுதே, ஏன்?

செப்டம்பர் 27இல் பேலஸின் 97வது நிமிட கோல், அக்டோபர் 25இல் பிரென்ட்ஃபோர்டின் முதல் கோல், இரண்டுமே நீள த்ரோவில் தொடங்கியவை. காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. எதிராளி நம் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நிற்கலாம், நம் வரிசை முன்னே ஏறி அவரை வெளியே தள்ள முடியாது. கையால் எறியும் பந்து கார்னரைவிட மெதுவாக, உயரமாக வரும். தடுப்பவர் ஓங்கித் தலையால் அடித்தாலும் அதில் வேகம் இருக்காது, பெனால்டி பெட்டி விளிம்பிலேயே விழும். அங்கே அவர்கள் இரண்டு பேரை வைத்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது: பந்து போய்ச் சேரப்போகும் உயரமான ஆளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னாலிருப்பவர்தான் குதிக்க வேண்டும், முன்னாலிருப்பவர் அவன் காலூன்றி எம்பும் இடத்தை அடைத்தால் போதும். எறிபவரிடமிருந்து 2 மீட்டரில் ஒருவர் நிற்க வேண்டும், அதற்கு விதி அனுமதிக்கிறது. பெட்டி விளிம்பில் கட்டாயம் ஒருவர். கடைசியாக, பலரும் மறப்பது: அவர்கள் ஆள் தலையால் உரசிய அந்த நொடியில் ஆஃப்சைடு விதி திரும்ப உயிர் பெறுகிறது. அப்போது வரிசை ஓரடி முன்னே வந்தால் கோல் கோட்டில் நிற்பவர்கள் பாதிப் பேர் ஆஃப்சைடு. நம்மவர்கள் அந்த நொடியில் பின்னால் நகர்கிறார்கள்.

டோங்காட்டிலிருந்து: இவ்வளவு விளக்கமும் தேவையில்லம்மா. சோனல்னு இடத்தைக் காவல் காக்கறதே சோம்பேறித்தனம். ஆளுக்கு ஒருத்தனைப் பிடிக்கச் சொன்னா யார் தப்புன்னு பளிச்சுனு தெரியும்.

ஐயா, யார் தப்பு என்று தெரிவதற்காகவா தடுக்கிறோம்? ஆளைப் பிடிக்கும் முறையை உடைக்க ஒரே ஒரு மறிப்பு போதும். நம் கேப்டன் வான் டைக் பிடிக்கும் ஆள், இன்னொருவனைச் சுற்றி வளைந்து ஓடுவான். அந்த இன்னொருவன் வான் டைக்கின் வழியில் சும்மா நிற்பான். முடிந்தது, உங்கள் மிகச் சிறந்த தலை ஆட்டத்திலிருந்து காணாமல் போய்விட்டது. அதனால்தான் உயரமான மூன்று நான்கு பேரை ஆறு கஜக் கோட்டில் இடம் காக்க விட்டு, மற்ற இருவர் மூவரை ஓடி வருபவர்களை மறிக்க வைக்கிறார்கள். இன்று பெரிய கிளப்புகளில் முழு சோனலும் அரிது, முழு மேன் மார்க்கிங்கும் அரிது.

சோனலின் குறை என்னவென்றால், நின்ற இடத்தில் குதிப்பவனைவிட ஓடி வந்து குதிப்பவன் உயரமாக எழுவான். அதை மறைக்கவில்லை.

மோபெனி ஹைட்ஸிலிருந்து: அக்கா, சென்டர் பேக் ஏன் வாங்கலை?

முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: நான் சீஃப்ஸ் ஆளு. டாக்ஸ் விவகாரத்தில ரெண்டு விண்டோ தடை ஏன் வந்துச்சு? ஒரு ஆளுக்காகவா?

ஒரே ஆளுக்காகத்தான். மடகாஸ்கரின் ஃபோசா ஜூனியர்ஸ் கிளப்பில் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே ஆந்திரியமிராடோ ஆந்திரியனரிமனனாவை, நாம் டாக்ஸ் என்று கூப்பிடுபவரை, தென்னாப்பிரிக்காவின் கைசர் சீஃப்ஸ் 2018இல் எடுத்தது. ஃபோசா ஃபிஃபாவிடம் போனது. 2020 பிப்ரவரியில் இரண்டு பதிவு விண்டோ தடை வந்தது. விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்தும் தடை நின்றது. 2020-21 முழுக்க, கையிலிருந்த ஆட்களையும் இளைஞர் அணியையும் வைத்தே ஓட்டினார்கள். அப்படியும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனார்கள் என்பதை உங்கள் எதிரிகூடப் பாராட்டணும்.

இதில் கவனிக்க வேண்டியது: “எனக்கு ஒப்பந்தம் இல்லை” என்று ஆட்டக்காரர் சொல்வதோ ஏஜென்ட் காட்டும் தாளோ போதாது. பழைய கிளப்பின் விடுவிப்புக் கடிதத்தை அந்தக் கிளப்பிடமே கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக முடிவானால் அடி கிளப் தலையில்தான் விழும்.

டோங்காட்டிலிருந்து: மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் முதல் பிஎஸ்எல் (தென்னாப்பிரிக்க பிரீமியர் சாக்கர் லீக்) கோப்பையை சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்தப்ப சோனல், பகுப்பாய்வு, லேப்டாப் எதுவும் கிடையாது. பயிற்சியாளர் கார்டன் இகசுண்ட் ஆளைப் பிடிக்கச் சொன்னார், பிடிச்சாங்க.

ரேஞ்சர்ஸ் மேல் கை வைத்தால் எனக்கும் கோபம் வரும், ஆகவே இழுக்காதீர்கள். அது மாபெரும் சாதனை. இகசுண்ட் அதற்குப் பிறகு பைரேட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று மொத்தம் நான்கு கிளப்புக்கு லீக் வாங்கிக் கொடுத்தவர். அவ்வளவு பேரோடு ஜெயித்தவரை ஒரே முறைக்குள் அடைக்காதீர்கள்.

ஸ்டாங்கரிலிருந்து: ஐயா சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. யுனைடெட் ஆட்டத்துல மக்வயர் தனியா நின்னாரே, அவரை யாரும் பிடிக்கலையே.

பிடித்தீர்களா, சரியான உதாரணம். அக்டோபர் 19, 84வது நிமிடம். அது முதல் பந்திலேயே விழுந்த கோல் இல்லை. நாம் விரட்டிய பந்து யுனைடெட்டின் புருனோவிடம் திரும்ப வந்து, அங்கிருந்து கிராஸ். முதல் பந்து போன பிறகு சோனலும் கிடையாது, மேன் மார்க்கிங்கும் கிடையாது. எல்லோரும் வெளியே ஓடும்போது யார் யாரை எடுப்பது என்று கத்த வேண்டும், அதுதான் நடக்கவில்லை. இரண்டு கட்சிக்கும் இதில் சாட்சி இல்லை.

டோங்காட்டிலிருந்து: கத்தினா மட்டும் போதுமா? என் ஆளு யாருன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா கத்தவே வேண்டாமே.

விடமாட்டீர்கள் போல. சரி, அந்த ஒரு இடத்தை ஒத்துக்கொள்கிறேன்: இரண்டாவது பந்துக்கு ஆள் பிரித்துக் கொடுப்பது நல்லது. கார்னருக்குக் கிடையாது. அடுத்த கேள்வி.

சாட்ஸ்வர்த்திலிருந்து: பதிமூணு வயசுக்குட்பட்ட பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கறேன். உயரமான தடுப்புக்கோடு, அதான் முன்னே ஏறி நிக்கற வரிசை, எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

நால்வரை 8 மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். எதிரே பந்தோடு மூவர். பந்து வைத்திருப்பவன் தலை நிமிர்ந்து, அவன்மேல் அழுத்தம் இல்லாமல் இருந்தால் வரிசை பின்னால் இறங்கணும். அவன் திரும்பி நின்றாலோ பின்னால் பாஸ் கொடுத்தாலோ ஐந்தாறு மீட்டர் ஏறணும். இந்த இரண்டு அடையாளம் போதும், பதினைந்து நிமிடம் இதையே செய்யுங்கள்.

குரல் கொடுப்பவன் ஒருத்தன் மட்டும், சென்டர் பேக்கில் ஒருவன். இரண்டு பேர் கத்தினால் இருவர் ஏறி இருவர் நிற்பார்கள். பந்துக்கு எதிர்ப்பக்கத்து ஃபுல் பேக் (ஓரத் தடுப்பாட்டக்காரன்) தான் எப்போதும் பின்தங்குவான், பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதால். அவன் உடம்பைப் பாதி திருப்பி, பக்கத்திலிருப்பவனின் தோளைப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை கோலிலிருந்து 35 மீட்டரில் இருந்தால் கோல்கீப்பர் பெட்டி விளிம்புக்கு வரணும். அவன் கோல் கோட்டிலேயே நின்றால் இந்தப் பயிற்சியே வேண்டாம்.

ஃபீனிக்ஸிலிருந்து: எங்க பகுதிப் பையன் ஒருத்தன் ஐரோப்பா போனா எங்க சின்ன கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், காகிதம் சரியாக இருந்தால். ஒப்பந்தம் முடியும் முன் பணம் கொடுத்து ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வாங்கினால், தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். அதில் 12 முதல் 15 வயதுப் பருவம் ஒவ்வொன்றுக்கும் 5 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 10. அந்த முதல் நான்கு பருவமும் உங்களிடம் இருந்தவர் 10 லட்சம் யூரோவுக்குப் போனால், 50,000 பிரியும், அதில் உங்களுக்கு 10,000. ராண்டில் மாற்றிப் பாருங்கள், சின்ன கிளப்புக்கு அது பெரிய தொகை.

பையன் ஆடிய ஒவ்வொரு பருவமும் தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் பதிவு முறையான மைசாஃபாவில் பதிவாகியிருக்க வேண்டும். பயிற்சியாளரின் நோட்டுப் புத்தகம் செல்லாது. ஃப்ரீயாகப் போனால் இந்தப் பங்கு கிடையாது. ஃப்ரீ என்று ஒன்று கிடையாது என்று மேலே சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

இசிபிங்கோவிலிருந்து: நடுவரிசை ஆளுங்க எண்டோவையோ கிராவன்பெர்க்கையோ பின்னால இறக்கிச் சமாளிக்கலாமே?

2020-21 ஞாபகம் இருக்கிறதா? அக்டோபர் 17இல் வான் டைக், நவம்பரில் கோமெஸ், ஜனவரி கடைசியில் மாட்டிப் என்று சென்டர் பேக்குகள் வரிசையாக அடிபட்டார்கள். நடுவரிசையிலிருந்து ஃபபீன்யோவையும் ஹென்டர்சனையும் பின்னால் இழுத்தார்கள். பின்வரிசை ஓரளவு நின்றது, நடுவரிசை சரிந்தது. நம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் தோல்வி. பிப்ரவரி 1இல் அவசரமாக கபாக்கை லோனிலும் பென் டேவிஸைப் பிரெஸ்டனிலிருந்தும் எடுத்தார்கள். டேவிஸ் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நாட் ஃபிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்று உண்மையான சென்டர் பேக்குகளை விட்டு, ஃபபீன்யோ நடுவுக்குத் திரும்பிய பிறகுதான் மூன்றாம் இடம் பிடித்தார்கள். எண்டோவை ஒரு பாதிக்கு இறக்கலாம், ஒரு மாதத்துக்கு இறக்கக் கூடாது.

ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து: சென்டர் பேக் ஏன்…

மேலே. மேலே. மேலே.

ஷால்கிராஸிலிருந்து: இந்த வாரம் எத்தனை கோல்னு பந்தயம் கட்டலாம்?

கட்டாதீர்கள்.

டோங்காட்டிலிருந்து: சரிம்மா, விண்டோ நம்ம நேரத்துக்கு எப்ப மூடுது?

2026 பிப்ரவரி 2, இரவு 9 மணி, ஐயா. பேச்சு முடிந்ததற்கான டீல் ஷீட்டை மூடும் முன் அனுப்பிவிட்டால் மீதித் தாள்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு ஃபிஃபா கணினியிலும் நேரத்துக்குள் ஏற வேண்டும். 2017இல் லெஸ்டர் 14 வினாடி தாமதமானதால் அட்ரியன் சில்வா ஜனவரி வரை ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு விமான நிலையப் படங்களை எனக்கு அனுப்ப வேண்டாம், பதிவு ஏறியதும் நானே எழுதுகிறேன்.