எட்டு மணி தேவாரமும் ஒரு டியூஷன்தானா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

சிங்கப்பூரின் யீஷூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. நான் அலுவலகம் முடிந்து வீடு திரும்பும்போது ஏழு மணியாகிவிடும். மகன் தொடக்கநிலை 5, மகள் தொடக்கநிலை 1. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

நான் வளர்ந்த வீட்டில் மாலையில் விளக்கேற்றினால் சத்தமெல்லாம் அடங்கிவிடும். அந்த அமைதியை என் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆசை. ஒரு சொற்பொழிவில் கேட்டதை வைத்து மார்ச் விடுமுறையில் அட்டவணை போட்டேன். காலை ஐந்துக்கு எழுந்து குளித்துப் பிரார்த்தனை. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் சாமிப் படத்தின் முன் தேவாரம். சாப்பிடும்போது கைத்தொலைபேசி கூடாது.

மகன் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். எழுப்பினால், "இதுவும் ஒரு டியூஷன்தானே?" என்கிறான். மகள் எட்டு மணிக்கு வரமாட்டாள். ஆனால் பாட்டி பூக் கட்டும்போது மட்டும் போய் ஒட்டிக்கொள்வாள். கணவர், "நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லை, ஆனால் தடுக்கவும் மாட்டார். எல்லாரையும் கத்திக் கூப்பிட்டுவிட்டுப் பாட உட்கார்ந்தால் எனக்கே பாட்டில் மனம் நிற்பதில்லை. "விடும்மா, வளர்ந்தா தானா வரும்" என்கிறார் மாமியார். தானாக வருமா?

யீஷூன் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தானாக வராது. அட்டவணை போட்டாலும் வராது. ஆனால் உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மகள் பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருகிறாள் என்று புகார்போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். தேக்காவில் வாங்கிய மல்லிகையைத் தொடுத்தபடி அந்த அம்மா என்ன முணுமுணுக்கிறார், எந்தக் கதை சொல்கிறார் என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள். யாரும் கூப்பிடாமல் அந்தக் குழந்தை போகிற இடம் அது. அதை எட்டு மணிக்கு மாற்றிவிட வேண்டாம்.

முதலில் அந்தக் காலை ஐந்து மணியை எடுத்துவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துப் பத்து மணிக்குப் படுக்கும் பையனுக்கு நீங்கள் தருவது ஏழு மணி நேரம். அவன் சாமி முன்னால் தூங்குவது பக்திக் குறைவால் அல்ல. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பாட்டி கையால் நெற்றியில் திருநீறு வைத்து அனுப்பினால் போதும்.

குடும்பப் பழக்கங்களைப் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, பார்பரா ஃபீஸி என்ற உளவியலாளர் தம் சகாக்களுடன் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு வேறுபாட்டை முன்வைக்கிறார்கள். சில பழக்கங்கள் செய்து முடிக்க வேண்டிய வேலைகள், முடிந்ததும் மறந்துவிடும். வேறு சில, 'நாங்கள் இப்படிப்பட்ட குடும்பம்' என்ற உணர்வைத் தருபவை. அவை முடிந்த பிறகும் மனதில் நிற்கும். ஒரே இரவுச் சாப்பாடு ஒரு வீட்டில் முதல் வகை, இன்னொரு வீட்டில் இரண்டாவது வகை. உங்கள் எட்டு மணி தேவாரம் இப்போது முதல் வகை. உங்கள் மகன் அதைத்தான் தன் பாணியில் சொன்னான். எனக்கென்னவோ அவன் கெட்டிக்காரன் என்றே படுகிறது.

ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, வீட்டு ஆட்கள் இயல்பாகச் சேரும் இடத்தைப் பிடியுங்கள். நீங்கள் வேலை முடிந்து வந்து முகம் கழுவி விளக்கேற்றுங்கள். ஒரே ஒரு பதிகம், அதுவும் உங்களுக்காகப் பாடுங்கள். யாரையும் கூப்பிடாதீர்கள். வருகிறவர் வரட்டும், பாதியில் வந்தாலும் சரி. முதல் சில வாரம் தனியாகத்தான் பாடுவீர்கள், அது கஷ்டமாகத்தான் இருக்கும். கத்திவிட்டு ஆரம்பிக்கும் பாட்டைவிட, தனியாகப் பாடும் பாட்டு பிள்ளைகளின் காதில் நன்றாக விழும். கோபம் வந்த நாளில் பாட்டை நிறுத்திவிட்டு, திட்டு வாங்கியவனிடம் போய்ப் பேசுங்கள். அதுவும் வழிபாடுதான் என்பேன்.

பத்து, பதினோரு வயதில் பல பிள்ளைகளுக்கு உட்கார்ந்து கும்பிடுவதைவிட ஓடியாடிச் செய்வது பிடிக்கும். பங்குனி உத்திரத்தன்று உங்கள் யீஷூனிலேயே புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் காவடிகள் வருகின்றன. நடந்து களைத்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க அவனை அழைத்துப் போங்கள். அன்னதானப் பந்தியில் இலை போடச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால், அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்காதீர்கள்.

கைத்தொலைபேசி விதி நல்ல விதி. அலுவலக வாட்ஸ்அப் உட்பட உங்களுக்கும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் கணவர். நம்பிக்கை இல்லாதவரைப் பிள்ளைகள் முன் சாமி முன்னால் உட்கார வைத்தால், பிள்ளைகள் நடிப்பைத்தான் கற்றுக்கொள்வார்கள். அவருக்கு ஓய்வு கிடைக்கும் காலையில் இருவரும் தனியாக எங்காவது பசியாறப் போங்கள். "நீங்க ஏன் வர்றதில்ல?" என்று கேட்காமல், "நம்ம பிள்ளைங்க நம்ம வீட்டப் பத்தி என்ன ஞாபகம் வச்சுக்கணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது ஞாயிறு தோசையாக இருக்கலாம், தூங்கும் முன் கதையாக இருக்கலாம். அதை அவர் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள். இரவு ஷிப்டுக்கு அவர் கிளம்பும்போது பிள்ளைகள் வாசல் வரை போய் வழியனுப்புவதையும் ஒரு வழக்கமாக்கலாம். பேச்சு சண்டையாகவே முடிந்துகொண்டிருந்தால், பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அடுத்த ஆண்டு மகனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. நேரம் போதவில்லை என்றதும் பாட்டியோடு பூக் கட்டுவதும் ஞாயிறு தோசையும்தான் முதலில் அடிபடும். வெட்ட வேண்டுமென்றால் டியூஷனில் ஒன்றை வெட்டுங்கள்.