பொம்மைக் கண்ணும் காப்புறுதிக் காசும்

தம்பி, உங்கள் கேள்வி நான் லீவில் ஊருக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. நீங்கள் லண்டன் வந்து எட்டு மாதம். ஆரையம்பதியில் மாமியும் சின்ன மாமியும் மருதமுனைக் கைத்தறித் துணியில் தைக்கிற பொம்மைகளை இறக்கி விற்கச் சின்னக் கொம்பனி ஒன்று தொடங்கப் போகிறீர்கள். பொறுப்புக் காப்புறுதிக்கு, அதாவது உங்கள் தொழிலால் மற்றவருக்குக் காயமோ நட்டமோ வந்தால் நட்டஈடு கொடுக்கிற காப்புறுதிக்கு, எவ்வளவு ஒதுக்குவது, முதல் வருடம் அது இல்லாமல் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்துதான் எழுதுகிறேன். அதில் ஒரு வசதி, நேற்றுக் காத்தான்குடி தாண்டிப் போய் அந்தப் பொம்மைகளை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

சட்டம் இந்தக் காப்புறுதியைக் கட்டாயப்படுத்தவில்லை, உண்மைதான். ஆனால் அது இல்லாமல் ஒரு பொம்மைகூட விற்க வேண்டாம். பிரித்தானியாவில் 1987ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து பொருளை இறக்குகிறவர் அதைச் செய்தவருக்குச் சமம். தைத்தது மாமி, ஆனால் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் வழக்கு உங்கள் மேல். நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்கள் என்று அவர்கள் நிரூபிக்கவும் தேவையில்லை. பொருள் பழுது, அதனால் காயம், அவ்வளவு காட்டினால் போதும். ஊரில் மோட்டார் சைக்கிளுக்குத் தேர்ட் பார்ட்டி போடாமல் றோட்டில் ஏறுவோமா? அதே கதைதான்.

இதில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோயில் திருவிழாவில் நீங்கள் போட்ட கடைக் கம்பியில் ஒருவர் தடக்கி விழுந்தால் அது பொதுப் பொறுப்பு. விற்ற பொம்மையின் கண் கழன்று குழந்தையின் தொண்டையில் போனால் அது பொருள் பொறுப்பு. கடை போட இடம் தருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு உயிர் போகிற விஷயம் இரண்டாவது.

நான் பட்டதைச் சொல்கிறேன். பனையோலைச் சாமானும் மரச் சாமானும் இறக்கத் தொடங்கிய வருடம், இணையத்தில் மலிவாக ஒரு காப்புறுதி எடுத்தேன். தொழில் வகை என்ற இடத்தில் 'அன்பளிப்புப் பொருள் விற்பனை' என்று போட்டுவிட்டேன். மறுகா புதுப்பிக்கிற நேரம் ஒரு முகவர் அந்தக் கடுதாசியை வாசித்துவிட்டு, "அண்ணை, இலங்கையில் இருந்து நீங்களே இறக்கும் விளையாட்டுச் சாமான் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஒரு வருடம் கட்டியது வெறும் தாளுக்கு. யாருக்கும் ஒன்றும் நடக்காதது எங்கள் மாமாங்கேஸ்வரர் புண்ணியம். நீங்கள் விண்ணப்பத்திலேயே மூன்றையும் எழுதிவிடுங்கள்: விளையாட்டுச் சாமான், இலங்கையில் இருந்து இறக்குமதி, சின்னப் பிள்ளைகளுக்கு.

சரி, காசுக்கு வருவோம். கட்டணத்தை உங்கள் வருட விற்பனையை வைத்துத்தான் போடுவார்கள். உதாரணத்துக்கு 300 பவுண் என்று சொன்னால் அதன் மேல் 12 வீதம் காப்புறுதி வரி, ஆக 336. அறுநூறு பொம்மை விற்றால் ஒன்றுக்கு 56 பென்ஸ். இருநூறு மட்டும் போனால் 1 பவுண் 68. முதல் வருடம் இரண்டாவது கணக்கில் விலை வையுங்கள். நட்டஈடு கொடுக்க வந்தால் முதலில் உங்கள் கையில் இருந்து போகிற தொகை எவ்வளவு என்றும் கேளுங்கள், அதைத் தனியாக வங்கியில் போட்டு மறந்துவிடுங்கள். விற்ற பொம்மைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் இதற்குள் வராது.

கனடாவில் இருக்கிற மச்சாள் ஐம்பது பொம்மை கேட்பா, அது நிச்சயம். அமெரிக்கா, கனடா விற்பனையை அநேகமான காப்புறுதிகள் விலக்கித்தான் வைத்திருக்கும். கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த வகைக் காப்புறுதி பொதுவாக, காயம் நடக்கிற நாளில் அந்தக் காப்புறுதி நடப்பில் இருந்தால்தான் காசு தரும். விற்ற நாளைப் பார்க்காது. இரண்டு வருடம் செய்துவிட்டுக் கொம்பனியை மூடி, காப்புறுதியையும் நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். பொம்மைகள் இன்னும் ஊரெல்லாம் கட்டிலில் கிடக்கும். பொருள் சந்தைக்கு வந்து 10 வருடம் வரை வழக்குக்கு இடம் உண்டு. அதனால் மூடிய பிறகும் சில வருடத்துக்கான கட்டணம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

இனி நேற்று நடந்தது. பொம்மைகளுக்குப் பொத்தான் கண். பார்க்க நல்ல வடிவு. பெட்டி நிறுக்கக் கொண்டு வந்த கொளுக்கித் தராசு என் பையில் இருந்தது. பொத்தானுக்குக் கீழே கொளுக்கியை மாட்டி இழுத்தேன். மாமி சிரித்தா: "என்ன தம்பி, பொம்மைக்கும் பிளேன் டிக்கெட் போடப் போறீங்களா?" நாலு கிலோவில் பொத்தான் கழன்று முற்றத்து மணலில் விழுந்தது. ஈஎன் 71 என்ற விளையாட்டுச் சாமான் பாதுகாப்புத் தரத்தில், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கண் 90 நியூட்டன், அதாவது ஒன்பது கிலோவுக்குச் சற்று மேலே, பத்து செக்கன் தாங்க வேண்டும். '3 வயதுக்கு மேல்' என்று ஒட்டித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கட்டிப்பிடிக்கிற மென்மையான துணிப் பொம்மையை மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு என்றுதான் எடுப்பார்கள்.

ஆகவே சோதனைச் செலவை முதலில் எழுதுங்கள், காப்புறுதி அதற்குக் கீழே. தீப்பற்றுவது, சாயத்தில் ஈயம் மாதிரியானவை எல்லாம் பார்க்க வேண்டும், அந்தத் தாள்களைப் பத்து வருடம் வைத்திருக்கவும் வேண்டும். அந்தச் சோதனைக்கு முதல் வருடக் காப்புறுதியைவிடக் கூடப் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

அங்கே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் மட்டும் தொழில்தருநர் காப்புறுதி, அதாவது வேலை செய்கிறவருக்கு வேலையால் காயமோ நோயோ வந்தால் கொடுக்கிறது, கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுணுக்கு. இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டம். ஊரில் தைக்கிறவர்களுக்கு அது வராது. உங்கள் விசா மாணவர் விசாவா என்று எழுதவில்லை. அப்படியென்றால் சொந்தத் தொழிலே செய்ய முடியாது, எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள்.

மாமி இப்போது கண்ணை நூலால் பின்னுகிறா. அப்படி இரண்டு பொம்மை என் பெட்டியில் வருகிறது, சோதனைக்குக் கொடுக்க.