டெராஃபார்ம் அப்ளை செய்த பிறகும் சேஜ்மேக்கரில் பழைய மாடலே ஓடுவது ஏன்?

புதிதாகப் பயிற்றுவித்த மாடலை அமேசானின் கோப்புச் சேமிப்பிடமான எஸ்3-இல் பழைய கோப்பின் மேலேயே ஏற்றிவிட்டு, கிளவுட் வளங்களைக் குறிமுறை வழியே உருவாக்கும் கருவியான டெராஃபார்மை இயக்கியதாகவும், அது "மாற்றம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். டெராஃபார்மின் மீது பிழையில்லை. மாடல் கோப்பு இருக்கும் முகவரியை அது வெறும் எழுத்துத் தொடராகவே பார்க்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே, முகவரி மாறாதவரை அதைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை.

ஒவ்வொரு பயிற்சிக்கும் தனிப் பாதை கொடுங்கள்: "மாடல்கள்/வி7/" என்றிருந்ததை "மாடல்கள்/வி8/" என்று மாற்றி, அந்த எண்ணை மட்டும் ஒரு வேரியபிளாக வைத்துக்கொள்ளலாம். மாடல்களை இயக்கும் அமேசான் சேவையான சேஜ்மேக்கரில் மாடல், எண்ட்பாயிண்ட் கான்ஃபிகரேஷன் (எந்த மாடலை எப்படி இயக்குவது என்ற அமைப்பு), எண்ட்பாயிண்ட் (கோரிக்கைகளைப் பெற்று மாடலின் பதிலைத் தரும் இடம்) என மூன்று வளங்கள் உள்ளன. முதல் இரண்டையும் உருவாக்கிய பின் திருத்த முடியாது என்பதால் டெராஃபார்ம் அவற்றைப் புதிதாகப் படைக்கும்; எண்ட்பாயிண்ட் மட்டும் அதே பெயரில் நீடித்து, புதிய கான்ஃபிகரேஷனுக்கு மாறிக்கொள்ளும்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இயங்கிக்கொண்டிருக்கும் எண்ட்பாயிண்டின் கான்ஃபிகரேஷனை அழிக்கக் கூடாது என்பதால், முதல் இரண்டு வளங்களிலும் லைஃப்சைக்கிள் பிளாக்கில் (வளத்தைப் படைப்பதும் அழிப்பதும் எப்படி என்று டெராஃபார்முக்குச் சொல்லும் பகுதி) "கிரியேட் பிஃபோர் டெஸ்ட்ராய்", அதாவது பழையதை அழிக்கும் முன் புதியதைப் படை, என்பதை இயக்கிவையுங்கள். அப்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்குமாதலால், நிலையான பெயர் கொடுத்திருந்தால் பெயர் மோதல் வரும். பெயரிலும் அந்தப் பதிப்பெண்ணைச் சேர்த்துவிடுங்கள். பழைய மாடலுக்குத் திரும்ப வேண்டுமானால், வேரியபிளை வி7 ஆக்கி மீண்டும் அப்ளை செய்தாலே போதும்.