குடியை விட உதவும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் எங்கே நடக்கும்? போனால் என்ன கேட்பார்கள், வெளியே தெரிந்துவிடுமா?

தினமும் ஒரு குவார்ட்டர் இல்லாமல் தூக்கம் வருவதில்லை, கூட்டத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் என எழுதியிருக்கிறீர்கள். நானும் இதையே சொன்னபோது என் வீட்டம்மா, "தெருமுனையில் கைலி அவிழ்ந்து கிடந்தப்போ தெரியாததா இனிமே தெரியப்போகுது?" என்று கேட்டாள். உங்களுக்கு அந்த அளவுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

நான் திருச்சிக்காரன், லேத் பட்டறை வேலை. முதல் கூட்டத்துக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. குடிக்காமல் இருப்பது ஆறு வருடமாக. நடுவில் அந்த இரண்டு வருடம்? கூட்டத்துக்கும் போனேன், கடைக்கும் போனேன்.

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் ஒன்று. தினமும் குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வியர்வையோடு போகாமல் வலிப்புகூட வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உயிருக்கே ஆபத்தாகிவிடும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் உள்ளதை உள்ளபடி சொல்லி, மருத்துவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். போதைப் பழக்கத்துக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விசாரிக்கலாம். ஏ.ஏ.வில் மருந்தும் கிடையாது, மருத்துவரும் கிடையாது.

சரி, கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடினால் குழுவின் பெயர், இடம், கிழமை, ஒரு கைபேசி எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பேசாமல் கிளம்பாதீர்கள். நான் பழைய முகவரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனேன். கேட்டில் பூட்டு, கூட்டம் எப்போதோ வேறு இடத்துக்கு மாறியிருந்தது. திரும்பி வரும் வழியில் டாஸ்மாக். அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. போன் செய்திருந்தால் பேருந்து நிறுத்தத்துக்கே ஒருவர் வந்து கூட்டிப் போயிருப்பார். தனியாக வர யோசிக்கிறவர்களுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

பல ஊர்களில் கூட்டம் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். மதம் மாற்றுவார்களோ என்று என் அம்மா பயந்தார். அதெல்லாம் இல்லை, இடம் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். கடவுள் பேச்சு வரும். ஆனால் எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. நாத்திகம் பேசுகிற ஒருவர் எங்கள் குழுவில் பல வருடமாக இருக்கிறார்.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் போடலாம். முழுப் பெயர், வேலை, சாதி எதுவும் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த ஆசை இருக்கிறதா, அது போதும். ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். உங்களுக்கு முடியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். நான் முதல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. திறந்த கூட்டம் என்று போட்டிருந்தால் மனைவியோடு போகலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். வீட்டாருக்கென்று அல்-அனான் தனியாக நடக்கிறது. இப்போது இணையவழிக் கூட்டங்களும் உண்டு. வெளியே வரத் தயங்கும் பெண்களுக்கு அது பெரிய வசதி.

தெரிந்தவர்கள் இருந்தால்? இருப்பார்கள். எங்கள் பட்டறைக்கு இரும்பு கொடுக்கிற கடைக்காரர் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கடையில் பார்த்தபோது, "அரை இஞ்ச் ராடு எத்தனை வேணும்?" என்றார். இன்றுவரை கடையில் அந்தப் பேச்சே கிடையாது.

இவர்கள் ஏன் நம்மேல் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள் என்று முதலில் எனக்குச் சந்தேகம். பதில் ஏ.ஏ. பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், குடியை விட்ட ஐந்தாம் மாதம் ஆக்ரன் ஊருக்குப் போகிறார். போன தொழில் காரியம் கைகூடவில்லை. ஓட்டல் கூடத்தில் நிற்கிறார், பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல் இருக்க, சர்ச்சுகளுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் என்று வந்தவர் மணிக்கணக்கில் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். பில் போன் போட்டது பாபைக் காப்பாற்ற இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அதனால் நீங்கள் போய் நின்றால் அவர்களுக்கு ஏதோ கடன்பட்ட மாதிரி கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்கும் நீங்கள் வேண்டும்.

முதல் நாள் எனக்கு அரை டம்ளர் டீதான் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவருக்கு முழு டம்ளர். புது ஆள் என்று கஞ்சத்தனம் போல என்று மனதுக்குள் திட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தேன், ஒரு சொட்டு சட்டையில் சிந்தவில்லை. போன வருடம் டீ ஊற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. புதிதாக வருகிறவர் நாற்காலியில் உட்காரும்போதே முதலில் அவர் விரல்களைப் பார்க்கிறேன், அப்புறம்தான் கெட்டிலைச் சாய்க்கிறேன்.