கோட்டை எங்க சார்? – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாசம் ஆபீஸ் வேலையா ஜப்பான் போயிருந்தேன். எடோ (டோக்கியோவோட பழைய பேரு) கோட்டைத் தோட்டத்தைப் பத்தி நீங்க முன்னாடி எழுதினது மனசுல இருந்ததால டோக்கியோவுல கிடைச்ச வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரா அங்கதான் போனேன், கேட் மூடியிருந்துச்சு. திங்களும் வெள்ளியும் லீவாம். விடாம மறுநாளும் போனேன். உள்ள கோட்டையே இல்ல சார். பெரிய புல்வெளி, அது முடியுற இடத்துல ஒரு கல் மேடை, சுத்தி மரம். ஒசாகால அவ்ளோ அழகா ஒரு கோட்டை, லிஃப்ட் எல்லாம் வச்சிருக்காங்க, மேல நின்னு ஊரையே பாத்தேன். இங்க எதைப் பாக்கச் சொன்னீங்க? கோவமா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

கே, சென்னை

அன்புள்ள கே,

லீவு நாளை நான் எழுதியிருக்கணும், உங்களை ரெண்டு தடவை அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.

நீங்க பாத்த அந்தக் கல் மேடைதான் நான் பாக்கச் சொன்னது. அந்த இடத்துல 1638-ல மூணாவது ஷோகுன் (அப்ப நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரை அப்படித்தான் சொல்வாங்க) இயெமிட்சு அஞ்சு அடுக்குல ஒரு கோபுரம் கட்டி முடிச்சார், அடியில இருந்த கல் மேடையோட சேத்தா கிட்டத்தட்ட 58 மீட்டர், ஜப்பான்ல அதுக்கு மேல உயரமா ஒரு கோட்டைக் கோபுரம் எழும்பினதே இல்ல. பத்தொம்பது வருஷம்தான் நின்னுச்சு. 1657-ல மெய்ரேகி தீன்னு சொல்ற பெருந்தீயில ஊர்ல பாதிக்கு மேல போயிடுச்சு, கூடவே கோபுரமும். சுமிதா ஆத்துல பாலம் இல்லாததால அந்தக் கரைக்குத் தப்பிச்சுப் போக வழியில்லாம மாட்டி செத்தவங்க அவ்வளவு பேர்.

அப்ப ஷோகுனா இருந்த இயெட்சுனா சின்னப் பையன். அவரோட சித்தப்பா ஹோஷினா மசயுகிதான் பக்கத்துல இருந்து வழிநடத்தினவர். கோபுரத்தைத் திரும்பக் கட்டணும்னு ஏற்பாடு தொடங்கி, காகாங்கிற பகுதியை ஆண்ட மயேதா குடும்பத்துக்காரங்க 1658-ல கல் மேடையை புதுசா கட்டியும் முடிச்சாச்சு. அங்கதான் மசயுகி வேண்டாம்னார். கோபுரம்ங்கிறது தூரத்தைப் பாக்க மட்டும்தான் உதவும், ஜனங்க வீடில்லாம கிடக்கும்போது அதுக்குச் செலவு பண்ற நேரமா இதுன்னு. பசிச்சவங்களுக்குக் கஞ்சி ஊத்துனாங்க, வீடு கட்டிக்க பணம் குடுத்தாங்க, தெருவை அகலப்படுத்தினாங்க, ஆத்து மேல ரியோகோகு பாலம் வந்துச்சு. கோபுரம் மட்டும் வரவே இல்ல, அதுக்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல எத்தனையோ ஷோகுன் வந்தும் ஒருத்தரும் கட்டல. அதிகாரத்துல இருக்கிறவங்க இப்படி ஒரு முடிவெடுத்து, அந்த முடிவு கல்லா கண்ணுக்கு முன்னாடி நிக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி. அதனாலதான் அவ்ளோ அழுத்தமா எழுதினேன்.

மேடையில ஏறுறதுக்கு முன்னாடி கல்லுக்குப் பக்கத்துல நின்னு பாத்தீங்களா? கல்லெல்லாம் இடுக்கே தெரியாத மாதிரி செதுக்கி அடுக்கியிருப்பாங்க, ஆனா ஒரு பக்கம் கருகி, விளிம்பெல்லாம் செதில் செதிலா உரிஞ்சிருக்கும். அது 1657 தீ இல்ல, இந்தக் கல்லு அதுக்கப்புறம் வந்ததுதானே. 1863-ல கீழ இருந்த அரண்மனை எரிஞ்சப்போ பட்ட சூடு. நீங்க நடந்து வந்த புல்வெளி முழுக்க அந்த அரண்மனை இருந்த இடம்தான்.

அங்கேருந்து இறங்குற ஒரு சரிவுக்கு ஷியோமிசாகான்னு பேரு, கடலைப் பாக்குற சரிவுன்னு வச்சுக்கலாம். 1590-ல, பின்னாடி இந்த வம்சத்துல முதல் ஷோகுனான தோகுகவா இயேயாசு இங்க வந்து சேந்தப்போ ஹிபியா பக்கம் கடல் ஒரு நாக்கு மாதிரி உள்ள வந்து கோட்டைக்குக் கிட்டவே கிடந்துச்சு, அதை மண்ணடிச்சு மூடித்தான் ஊரை வளத்தாங்க. இப்ப அங்க நின்னா ஓத்தேமாச்சி ஆபீஸ் கட்டடங்களோட கண்ணாடிதான் வரிசையா தெரியும். நான் போனப்போ சாயங்காலம், அந்தக் கண்ணாடியில வெயில் பட்டு சரிவு முழுக்க மினுமினுன்னு ஆடுச்சு, கொஞ்ச நேரம் நகரவே மனசு வரல.

ஒசாகாவை நான் குறை சொல்லல. ஆனா நீங்க லிஃப்ட்ல ஏறினது 1931-ல கான்கிரீட்ல கட்டினது. இங்கயும் அந்தப் பழைய கோபுரத்தைத் திரும்பக் கட்டணும்னு கேக்குறவங்க இருக்காங்க, வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசைன்னா முப்பதுல ஒரு பங்கு அளவுல செஞ்ச மாடல் ஒண்ணு 2020-லேருந்து அந்தப் புல்வெளிப் பக்கமே கண்ணாடிக்குள்ள இருக்கு, அது போதும்.

கீழ நினோமாரு தோட்டத்துக்குப் போனீங்களான்னு எழுதல, போகலன்னுதான் தோணுது. போயிருந்தா குளத்து மீனைச் சொல்லாம இருந்திருக்க மாட்டீங்க. ஜப்பான் கோய் மீனையும் (அழகுக்கு வளக்குற கலர் கெண்டை) இந்தோனேசியாவோட நீள வால் கெண்டையையும் சேத்து உண்டாக்கின இனம், பின்னாடி பேரரசரான அகிஹிதோ இளவரசரா இருந்தப்போ சொன்ன யோசனை அது. திரும்பும்போது துடுப்பு பட்டுத்துணி மாதிரி தண்ணிக்குள்ள விரிஞ்சு அடங்கும். அடுத்த தடவை ஜூன்ல வேலை அமைஞ்சா விட்டுடாதீங்க, குளத்தை ஒட்டி ஐரிஸ் பூத்துக் கிடக்கும். செவ்வாய்க்கிழமையா பாத்துப் போங்க, டிக்கெட் எதுவும் கிடையாது, ஹிராகாவா வாசல் வழியா உள்ள போங்க.