கார் வைத்திருப்பவருக்கு ரேஷன் அரிசி எதற்கு?

கேள்வி: எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கூட ரேஷன் கடையில் இலவச அரிசி வாங்குகிறார். இட்லி மாவுக்குப் போட்டது போக மீதியை விற்றுவிடுகிறார்கள். வரிப்பணம் இப்படிப் போகலாமா? உண்மையான ஏழைகளைக் கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். யார் கணக்கெடுப்பது, எதை வைத்து அளப்பது என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

2011இல் மத்தியத் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் ஓர் அளவுகோலைத் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிந்தவர் ஏழை அல்லவாம். அதைத் தயாரித்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்.

சரி, வறுமைக் கோட்டை நியாயமான இடத்திலேயே போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஒரு மாதம் இருபது நாள் வேலை. மழை பிடித்தால் அடுத்த மாதம் ஐந்து நாள். கிராம நிர்வாக அலுவலர் தாளில் என்ன எழுதுகிறாரோ அதுதான் அந்தப் பெண்ணின் வருமானம். அலுவலகத்துக்கு நாலு முறை நடக்கத் தெம்பும், ஒரு நாள் கூலியை இழக்க வசதியும், சொல்லிவைக்க ஆளும் உள்ளவர் பெயர் பட்டியலில் ஏறிவிடும். இவை எதுவும் இல்லாதவர்தான் நீங்கள் சொல்லும் உண்மையான ஏழை.

இது என் கற்பனை அல்ல. 1997இல் மத்திய அரசு ரேஷன் அட்டைகளை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. பிரித்துப் பார்த்த இடங்களின் கதை 2004-05 தேசிய மாதிரி ஆய்வில் வெளிவந்தது. கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதியிடம் வறுமைக் கோட்டு அட்டையே இல்லை. ஏழையல்லாத பலரிடம் இருந்தது! கல்லை நீக்கப் பிடித்த சல்லடையில் கல் தங்கி, அரிசி கீழே கொட்டிவிட்டது.

தமிழ்நாடும் ஒருமுறை ஆசைப்பட்டது. ஜெயலலிதா ஆட்சியில், மாத வருமானம் 5000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டைகளை ‘எச்’ அட்டைகளாக்கி அரிசியை நிறுத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் அ.தி.மு.க. கூட்டணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த சில நாள்களிலேயே ‘எச்’ போன இடம் தெரியவில்லை. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கைவிட வேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்று ஆட்சியில் இருந்தவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

இன்னும் அருகில் வருவோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்பத்தின் ஆண்டு மின்சாரப் பயன்பாடு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. உங்கள் ஈரோட்டிலேயே ஒரே மீட்டரில் நான்கு குடித்தனம் ஓடும் வளவு வீடுகள் உண்டே, அங்கே ஓடிய யூனிட்டுகளை யார் கணக்கில் எழுதுவது?

அரிசி விற்கப்படுவது உண்மை, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக அண்டை மாநிலங்களுக்குப் போகிறது; பாலிஷ் போட்டு வேறு பெயரில் திரும்பியும் வருகிறது. இதைப் பிடிப்பதற்கென்றே குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை என்று ஒரு காவல் பிரிவு இருக்கிறது. திருடனைப் பிடிப்பது அவர்கள் வேலை. அதற்காகச் சித்தாளின் அட்டையைச் சந்தேகப்படத் தேவையில்லை.

இன்னொன்று. வாத்தியார் வீட்டிலும் வங்கி ஊழியர் வீட்டிலும் அதே அரிசியை வாங்குவதால்தான், புழு நெளிந்தால் ஊருக்குள் சத்தம் கேட்கிறது. தாசில்தாருக்குப் புகார் போகிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று கடையைச் சுருக்கிவிட்டால், அந்தப் புகாரை யார் எழுதுவார்கள், எழுதினாலும் யார் படிப்பார்கள்? ஏழு மாதம் இருப்பில் கிடந்த அரிசியைப் போட்டாலும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மற்றபடி, வசதியுள்ளவர் விலகிக்கொள்ள இப்போதே வழி இருக்கிறது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறலாம்; எதுவுமே வேண்டாம் என்றால், பொருள் வாங்காமல் அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் அட்டையும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தாமல் அப்படி மாறியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களுடையது எந்த அட்டை என்று கடிதத்தில் காணோமே?